மதினி மாட்டிய படம்

என் மதினி எதையும் சொல்லிவிட்டுச் செய்ததில்லை. செய்து முடித்த பிறகும் தானாக வந்து சொன்னதில்லை. நாமாகப் போய் அதில் முட்டிக்கொண்டு, நெஞ்சில் கை வைத்து நிற்க வேண்டும். மதுரைக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து எனக்கு ஈரக்குலை நடுங்கியதில் பாதி அவரால்தான். மீதிக்கு ஊரும் உலகமும் யுத்தமும் சேர்ந்து பொறுப்பு.

மதினி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. வைகைக் கரையோரம் ஒரு சந்துக்குள் இருந்த எங்கள் ஓட்டு வீட்டில் எங்களோடுதான் இருந்தார். நெடுநெடுவென்று உயரம். பேசும்போது எதிராளியின் முகத்தைப் பார்க்காமல் கையைத்தான் பார்ப்பார். அவருடைய புருஷன், திருமங்கலத்துக்காரர், நான் முறைக்கு அண்ணன் என்று சொல்ல வேண்டியவர், கல்யாணமான மறுவருஷமே ரங்கூனுக்குக் கப்பலேறிவிட்டார். நான் அந்த வீட்டுக்கு வந்தது அதற்கப்புறம். அதனால் அவரை நான் பார்த்ததே இல்லை.

வந்த புதிதில் ஒருநாள் ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டு வந்தேன். முளையும் கயிறும் இருந்தன, ஆடு இல்லை. சந்து முழுக்கத் தேடிவிட்டு அழுதுகொண்டே வந்து, "மதினி, ஆட்டைக் காணோம்!" என்றேன்.

"மேலூர் யாவாரி ஓட்டிட்டுப் போனாரு."

"திருடிக்கிட்டா போனாரு?"

"திருடுவாரா? நாந்தான் வித்தேன்."

"நான் இம்புட்டு நேரம் தேடுறேன், ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டார். எதற்காக விற்றார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் அதையும் சொல்லியிருப்பாரோ என்னவோ.

அது எதற்கு என்று எனக்குத் தெரிய ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. பிள்ளையார் படம் ஒன்று வாங்கக் கோயில் பக்கம் போயிருந்தேன். அங்கே படங்களுக்குச் சட்டம் அடித்துக் கொடுக்கும் கடை ஒன்று உண்டு. அப்பா இறந்துபோய்க் கடை கைக்கு வந்த இளவயது ராவுத்தர் ஒருவர் நடத்தினார். முன்பக்கம் சாமி படங்கள் தொங்கும், உள்பக்கம் ஒரு சாக்குப்படுதா. படுதாவுக்குப் பின்னாலிருந்து மரம் அறுக்கிற சத்தம் வந்தது. காற்றில் படுதா விலகியபோது எட்டிப் பார்த்தேன். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, தலைமுடியெல்லாம் மரத்தூளாக, ஒரு காலால் கட்டையை மிதித்துக்கொண்டு ரம்பம் இழுத்துக்கொண்டிருந்தது என் மதினி. வாங்கின பிள்ளையாரைக் கீழே போட்டுவிட்டேன். நல்லவேளை, அதற்கு இன்னும் கண்ணாடி போடவில்லை.

ராவுத்தருக்கு என்னைவிட அதிகமாகப் பயம். "நீங்க அக்கா வீடா? நான் கூப்பிடலம்மா. அல்லா மேல ஆணையா நான் கூப்பிடல. அவங்களா வந்து உக்காந்துட்டாங்க" என்றார்.

நடந்தது இதுதான். ரங்கூனிலிருந்து அண்ணனின் போட்டோ ஒன்று வந்திருந்தது. கோட்டுப் போட்டுக்கொண்டு, சுண்ணாம்புத் தூண் ஒன்றில் கை வைத்து நிற்கிற படம், கெட்டி அட்டையில் ஒட்டியது. அதற்குச் சட்டம் போட மதினி அந்தக் கடைக்குப் போயிருக்கிறார். படத்தை விட்டுவிட்டு வர மாட்டேன் என்று முழு வேலையும் முடியும்வரை அங்கேயே உட்கார்ந்து பார்த்திருக்கிறார். முடிந்ததும் மூலையில் இரண்டு கட்டைகளும் சேருகிற இடத்தில் நகத்தை விட்டுப் பார்த்தால், நகம் உள்ளே போயிருக்கிறது. "இதென்ன தம்பி, இடுக்கு வச்சிருக்கீங்க?" என்று கேட்டிருக்கிறார். ராவுத்தர் சிரித்துக்கொண்டே, "நீங்க வேணா அறுத்துப் பாருங்கக்கா" என்று ரம்பத்தை நீட்டியிருக்கிறார். விளையாட்டுக்கு யாரிடம் எதை நீட்டுகிறோம் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை. மதினி வாங்கி அறுத்து, கட்டையைப் பாழாக்கி, அந்தக் கட்டைக்கு ஈடாக வேலை செய்துதருகிறேன் என்று மறுநாள் வந்தவர்தான். ரம்பமும் கண்ணாடி அறுக்கிற வைரமுனையும் சொந்தமாக வாங்கத்தான் ஆடு போயிருக்கிறது.

"தம்பி வீட்டுச் சோறு எம்புட்டு நாளைக்கு?" என்று அன்றைக்கு நடந்து வரும்போது என்னிடம் சொன்னார். ரங்கூன் பணம் நின்று போயிருந்த காலம். கடிதமும் வருவதில்லை. அங்கிருந்து திரும்பியவர்களில் சிலர் பார்த்ததாகச் சொன்னார்கள், சிலர் பார்க்கவில்லை என்றார்கள், ஒருவர் மட்டும் குனிந்துகொண்டு வெற்றிலையை மடித்தார். என் வீட்டுக்காரர் மில் வேலைக்காரர். அங்கே எப்போது கதவடைப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. மதினி சொன்னது நியாயம்தான். ஆனாலும் வீட்டில் இதை எப்படிச் சொல்வது என்று நான் வழியெல்லாம் வார்த்தை தேடிக்கொண்டு வந்தேன். அவர் தேடவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் முந்தானையிலிருந்து மரத்தூளைத் தம்பிக்கு முன்னாலேயே உதறினார்.

வேலை பழகுவது லேசாக இல்லை. ராவுத்தர் வெகுகாலம் கழிவுக் கட்டையைத் தவிர வேறெதையும் தொட விடவில்லை. கட்டையைச் சாய்த்து அறுக்க வேண்டும், நாலு மூலையும் ஒன்றுபோலச் சாய வேண்டும். ஒரு மூலையில் மயிரிழை பிசகினால் எதிர்மூலை வாயைப் பிளந்துவிடும். மூலையை ஒட்ட வச்சிரம் என்ற தோல் பசை காய்ச்சுவார்கள். அந்த நாற்றம் சேலையில் ஏறினால் மூன்று துவைப்புக்கும் போகாது. கண்ணாடியைச் சட்டத்துக்கு நெருக்கமாக வைக்கக் கூடாது, மழைக்காலத்தில் மரம் ஊறி நெருக்கினால் விரிசல் விடும். இதையெல்லாம் மதினி கேட்டுத் தெரிந்துகொண்டதைவிட உடைத்துத் தெரிந்துகொண்டதுதான் அதிகம். விரல்களில் எப்போதும் துணிச் சுற்று இருக்கும். ரத்தம் தோய்ந்த துணியைப் பார்த்து நான்தான் கத்துவேன். அவர் அந்தக் கையாலேயே புளி கரைப்பார்.

கண்ணாடி அறுப்பது மட்டும் அவருக்கு முதல்நாளே வந்துவிட்டது என்று ராவுத்தர் ஆச்சரியப்படுவார். "ஒரே இழுப்பா இழுக்கணும்க்கா. நடுவுல யோசிச்சு நிறுத்தினா உடைஞ்சுரும்" என்று சொல்லிக்கொடுத்தாராம்.

"நடுவுல எதுக்குத் தம்பி யோசிக்கணும்?" என்று மதினி கேட்டாராம். எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை.

படத்தின் முதுகில் தாள் ஒட்டுவதற்கான பசையை மதினி வீட்டிலேயே காய்ச்ச ஆரம்பித்தது எனக்குத் தெரியாது. ஒருநாள் என் வீட்டுக்காரர் மில்லிலிருந்து பசியோடு வந்தார். அடுப்படியில் சட்டி நிறைய வெள்ளையாகக் கஞ்சி இருந்தது. உப்புப் போட்டுக் கலக்கி ஒரு செம்பில் ஊற்றிக் கொடுத்தேன். அவர் வாயருகே கொண்டுபோகும்போது, குறுக்கே போன மதினி ஒரு வார்த்தை பேசாமல் செம்பைத் தட்டிவிட்டார். செம்பு சுவரில் அடித்து உருண்டது. கஞ்சி அவர் மீசையிலிருந்து சொட்டியது.

"என்னக்கா இது!"

"மயில்துத்தம் போட்டிருக்கு. படத்தைப் பூச்சி அரிக்காம இருக்க."

விஷத்தைச் சட்டியில் வைத்து அடுப்படியில் மூடிவைத்திருக்கிறார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் அன்று அவரைத் திட்டிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல. அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, சட்டியைத் தூக்கிக் கொல்லையில் வைத்துவிட்டுப் பழைய சோறு பிழிந்து தம்பிக்குப் போட்டார்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. சாமி படத்துக்குத் தங்கப்பூச்சுச் சட்டம். உயிரோடு இருப்பவர்களுக்குத் தேக்கு நிறம். இறந்தவர்களுக்குக் கறுப்பு. வாங்க வருகிறவர்கள் வாய்விட்டுச் சொல்லச் சங்கடப்படுவார்கள் என்று ராவுத்தரின் தகப்பனார் காலத்திலேயே அப்படி ஏற்பாடு. படத்தைக் கொடுக்க வந்தவரின் முகத்தைப் பார்த்தே நிறத்தை முடிவு செய்துவிடுவார்கள். ஒருமுறை ராவுத்தர் தொழுகைக்குப் போயிருந்த நேரம் ஒருவர் தன் தகப்பனாரின் படத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். படுதா இடுக்கு வழியாக மதினி பார்த்திருக்கிறார். கண் ரெண்டும் சிவந்து, தண்ணீர் வடிந்துகொண்டிருக்கிறது. மறுநாளே கறுப்புச் சட்டம் அடித்துத் தயாராக வைத்துவிட்டார்.

வாங்க வந்தது அந்தத் தகப்பனாரே. மகனுக்குக் கண்வலி.

பெரியவர் தன் படத்தைக் கையில் வாங்கினார், பார்த்தார், அப்படியே கடைப்படியில் உட்கார்ந்துவிட்டார். "அடப் பாவிகளா, நான் இன்னும் சாகலய்யா!" என்ற சத்தம் கோபுர வாசல்வரை கேட்டதாம். ராவுத்தர் கையெடுத்துக் கும்பிடுகிறார், மாற்றித் தருகிறேன் என்கிறார். படுதாவுக்குப் பின்னாலிருந்து மதினியின் குரல் மட்டும் வந்தது: "கொண்டு போங்கய்யா. என்னைக்கா இருந்தாலும் வேணும்ல?"

ராவுத்தர் இதை எங்கள் வீட்டில் வந்து சொல்லும்போது பாதி அழுகையாகவும் பாதி சிரிப்பாகவும் சொன்னார். பெரியவர் தெரு முழுக்க வைதுகொண்டே போனார். ஆனால் சாயங்காலம் மகனை அனுப்பி, கறுப்பே எடுப்பாக இருக்கிறது என்று வாங்கிக்கொண்டும் போய்விட்டார்.

இதெல்லாம் சிரிக்கிற அதிர்ச்சி. சிரிக்க முடியாததும் ஒன்று வந்தது.

ஓர் அமாவாசையன்று ஆற்றிலிருந்து துவைத்த துணியோடு வந்தேன். கூடத்துச் சுவரில் அண்ணனின் படம் எப்போதும் தொங்குகிற இடத்தில் தொங்கியது. தேக்கு நிறச் சட்டத்தைக் காணோம். கறுப்புச் சட்டம். மூலையில் இடுக்கே இல்லாத, பளபளவென்ற புதுச் சட்டம். நெற்றியில் சந்தனம். மேலே செவ்வந்தி மாலை.

நான் போட்ட அலறலில் சந்தே கூடிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து படத்தைப் பார்த்தாள், என்னைக் கட்டிக்கொண்டு மாரடிக்க ஆரம்பித்தாள். யாரோ மில்லுக்கு ஓடினார்கள். நாங்கள் நாலைந்து பேர் கூடத்தில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருக்கும்போது மதினி கொல்லையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். கழுத்தில் தாலி இல்லை. நெற்றியில் குங்குமம் இருந்தது, தலையில் பூவும் இருந்தது.

"எதுக்கு அழுகுறீக?"

"மதினி... தந்தி எப்ப வந்துச்சு?"

"தந்தியெல்லாம் ஒண்ணும் வரல. சட்டம் பழசாயிருச்சு. மாத்துனேன்."

"தாலி எங்க மதினி?"

"அழகர்கோவில் உண்டியல்ல போட்டுட்டேன். காலையில போய்ட்டு வந்தேன்."

அழுதுகொண்டிருந்த வாயெல்லாம் அப்படியே திறந்தபடி நின்றன. என் வீட்டுக்காரர் மூச்சிரைக்க வந்து விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு வந்த கோபத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. "உசிரோட இருக்கிற மனுசனைச் சாகடிச்சுட்டியேக்கா!" என்று கத்தினார்.

"உசிரோட இருக்காருன்னு உனக்கு யாரு சொன்னா?"

"செத்துட்டாருன்னு உனக்கு யாரு சொன்னா?"

"யாருமே ஒண்ணும் சொல்லல. அதான் நானே முடிவு பண்ணிட்டேன். எம்புட்டு நாளைக்கு ரெண்டுக்கும் நடுவுல நிக்கிறது?"

என் வீட்டுக்காரர் படத்தைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்தார். மதினி நேராகத் திருப்பினார். மறுநாளும் அதுவே. பிறகு என் வீட்டுக்காரர் கூடத்தில் சாப்பிடுவதை விட்டுவிட்டு அடுப்படியில் சாப்பிட ஆரம்பித்தார். சந்துக்காரர்களுக்கு மதினியை எதில் சேர்ப்பது என்று தெரியவில்லை. விசேஷ வீடுகளில் வெற்றிலைத் தட்டோடு வருகிறவர்கள் அவர் முன்னால் வந்ததும் கொடுக்கவும் முடியாமல் தாண்டவும் முடியாமல் நிற்பார்கள். மதினி தானே கையை நீட்டி எடுத்துக்கொள்வார். தினமும் அந்தப் படத்துக்கு விளக்குப் போட்டவள் நான். செத்தவராக இருந்தால் புண்ணியம், உயிரோடு இருந்தால் அவர் ஆயுசுக்காக என்று இரண்டுக்கும் சேர்த்து வேண்டிக்கொள்வேன். என் பயமெல்லாம் ஒன்றே. அந்த மனுஷன் உயிரோடு வந்து நின்றால் இவர் கதி என்ன? புருஷனைக் கொன்றவள் என்ற பெயரோடு இந்தச் சந்தில் எப்படி நடப்பார்?

ரங்கூனில் குண்டு விழுந்தது. காடும் மலையும் நடந்து தப்பித்தவர்கள் ரயிலில் வந்து இறங்க ஆரம்பித்தார்கள். கால் வீங்கி, தலை சிரங்காகி, அடையாளமே தெரியாமல் வந்தார்கள். யார் வாசலில் வந்து நின்றாலும் நான் முதலில் சுவரிலிருந்த படத்தைத் திரும்பிப் பார்ப்பேன்.

ஒரு மத்தியானம் வாசலில், "தாயி, கொஞ்சம் தண்ணி" என்று குரல் கேட்டது. செம்போடு போனேன். எலும்பும் தோலுமாக ஓர் ஆள். தாடி. கையில் நசுங்கிய தகரப்பெட்டி. நிலைப்படியில் கை வைத்து நின்றார். நிற்கிற அந்த மாதிரியை நான் தினமும் விளக்கேற்றிப் பார்த்திருக்கிறேன்.

அவர் என்னைத் தாண்டிச் சுவரைப் பார்த்தார். சந்தனத்தைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். அப்படியே வாசலில் குந்தினார்.

"நான் எப்பம்மா செத்தேன்?" என்றார்.

எனக்கு, "அண்ணே... உள்ள வாங்கண்ணே" என்று மட்டும்தான் வந்தது.

சேதி பறந்து என் வீட்டுக்காரர் வந்தார், ராவுத்தர் கடையிலிருந்து மதினியும் வந்தார். என் வீட்டுக்காரர், "மச்சான்!" என்று கட்டிப்பிடித்துத் தேம்பினார். தேம்பிக்கொண்டே படத்தைப் பிடுங்க எழுந்தார். "ஆணியோட இழுக்காத. சொவரு பேந்துரும்" என்றார் மதினி. வந்தவரைப் பார்த்து அழவும் இல்லை, ஓடவும் இல்லை.

"இந்தா பாருக்கா, நடந்தது நடந்துபோச்சு. மஞ்சக்கயிறு வாங்கிட்டு வாரேன். கோயில்ல வச்சு மறுபடி கட்டிருவோம். இன்னைக்கே. சந்துக்காரன் வாயை அடைக்கணும்" என்றார் என் வீட்டுக்காரர். அண்ணன் நிமிரவில்லை. "எனக்கும் வேற போக்கில்ல மாப்ள" என்றார். என் வீட்டுக்காரர் செருப்புக்கூடப் போடாமல் ஓடினார்.

எனக்கும் அதுவே சரியென்று பட்டது. உண்மையைச் சொன்னால் சந்தோஷம்கூட. ஒரு கயிற்றில் எல்லாம் நேராகிவிடும் என்று நினைத்தேன். மதினி அண்ணனுக்கு எதிரில் உட்கார்ந்து, வழக்கம்போல அவருடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கைகள் தகரப்பெட்டியை மடியிலிருந்து இறக்கவே இல்லை.

"கூட யாரும் வரலையா?" என்று கேட்டார்.

நான் திடுக்கிட்டுப் போனேன். அண்ணன் பெட்டியைத் திறந்து, துணியில் சுற்றிய சின்னப் போட்டோ ஒன்றை எடுத்தார். தண்ணீரில் ஊறி ஓரமெல்லாம் பிய்ந்திருந்தது. கொண்டையில் பூ வைத்த ஒரு பர்மாக்காரப் பெண். மடியில் ஒரு பையன், அண்ணனின் அதே மூக்கு.

"காட்டுல காய்ச்சல். மொதல்ல பையன் போனான். பெறகு அவ. பொதைக்கக்கூட நிக்க விடல" என்றவர் பெட்டியின் மேலேயே முகத்தைக் கவிழ்த்துக்கொண்டார். ஆண்பிள்ளை அப்படி அழுது நான் கேட்டதில்லை.

மதினி கத்துவார், படத்தைக் கிழித்துப் போடுவார் என்று நான் கை நீட்டித் தடுக்கத் தயாராக இருந்தேன். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் ஒருவரின் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்து அன்றுதான் கண்டேன். பிறகு எழுந்து, சுவரிலிருந்த சட்டத்தைக் கழற்றி மடியில் கவிழ்த்துக்கொண்டார். குறடால் பின்னாணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். அண்ணனின் படத்தை எடுத்தார். கண்ணாடியைக் கழுவி, அதன்மேல் இருந்த பழைய சந்தனத்தைத் துடைத்தார்.

"மதினி, என்ன செய்யிறீங்க?" என்று கேட்டேன்.

"நனைஞ்ச படம். தாங்குறதுக்குக் கெட்டி அட்டை வேணும்" என்றார். அண்ணனின் படத்தை முகம் பின்பக்கம் போகும்படி திருப்பி, அதன் வெறும் அட்டையில் அந்தப் பெண்ணையும் பையனையும் ஒட்டினார். பிய்ந்த ஓரங்களை விரல் நுனியால் நீவி நீவிப் படிய வைத்தார். கண்ணாடியைப் போட்டு ஆணியடித்து, அதே இடத்தில் மாட்டினார். எங்கள் வீட்டுச் சந்தனத்தைக் குழைத்து அவளுக்கு ஒரு பொட்டு, பிள்ளைக்கு ஒரு பொட்டு வைத்தார். பிறகு இலையைப் போட்டு அண்ணனுக்குச் சோறு வைத்தார்.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் மஞ்சள் கயிற்றோடு நுழைந்தார். பின்னாலேயே சந்துப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் சுவரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"யாருக்கா இது?"

"அவரு பொண்டாட்டி. இது மகன்" என்றார் மதினி, ரசத்தை ஊற்றிக்கொண்டே. "சாப்பிட்டதும் ரெண்டு பேரையும் கூட்டிட்டு அவரு ஊருக்குக் கெளம்பிருவாரு. திருமங்கலம் போற பஸ்ஸு எத்தனை மணிக்குன்னு கேட்டுட்டு வா."